கூடாது என்று சொன்னவர்

பன்வில பக்கத்துத் தோட்டமொன்றின் சின்னச் சபையில் சதீஸ் பன்னிரண்டு வருடம் பிரசங்கம் செய்தார். கிழமை நாட்களில் தோட்டத்து லொறி ஓட்டுவார். ஞாயிறன்று வேதத்தைத் திறந்தால் பேச்சு அருவி மாதிரி கொட்டும்.

ஒரு ஞாயிறு ஜெயராணி சபை வாசலில் வந்து நின்றாள். ஞானஸ்நானம் எடுத்தவள், கல்யாணமானபின் புருஷன் வீட்டார் முன்னால் இயேசுவை மறுதலித்தவள். ஆறு வருடம் கழித்து, திரும்பி வரலாமா என்று கேட்டாள். ஒருமுறை தேவனுடைய நல்வார்த்தையை ருசிபார்த்துப் பின்வாங்கிப் போனவர்கள் மறுபடி மனந்திரும்புவது கூடாத காரியம் என்ற வசனத்தை சதீஸ் வாசித்துக் காட்டினார்.

"நான் சொல்லல தங்கச்சி, வேதம் சொல்லுது."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வருடம் சதீஸின் தம்பி மண்சரிவில் புதைந்தான். மூன்று நாள் தேடினார்கள். மூன்று நாளும் சதீஸ் முழங்காலில் நின்றார். பிணம்தான் கிடைத்தது. அடக்கத்தில், "இனி எனக்கு தேவனே இல்ல" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். மனைவி சந்திரிகாவோடு கண்டிக்கு வந்து, குட்செட் பஸ் நிலையத்தில் ஓட்டோ ஓட்டினார். ஐந்து வருடம் குடித்தார்.

ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்ததோடு குடி நின்றது. வீட்டுக்கு வந்தபின் ஜெபிக்க ஆசை வந்தது. கண்ணை மூடினால் அந்த வசனம்தான் குறுக்கே நின்றது.

"நானே பூட்டின கதவு, சந்திரிகா."

"அப்ப அந்தப் புள்ளகிட்ட போய் மொதல்ல மன்னிப்புக் கேளுங்க" என்றாள் அவள்.

விசாரித்துக்கொண்டு போனார். ஜெயராணி கெலிஓயாவில் ஒரு தையல் கடையில் இருந்தாள். கடைக்காரி மஸாஹிரா, "இந்தக் கதிரையில இரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சதீஸ் உட்காரவில்லை.

"அன்னைக்கு உன்ன வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். இப்ப நானும் அங்கதான் நிக்கிறேன்."

ஜெயராணி மெஷினை நிறுத்தினாள். "நீங்க சொன்னத ஒரு வருசம் நம்பிக்கிட்டு இருந்தேண்ணே. பொறகு கண்டியில ஒரு சபைக்குப் போனேன். கடைசி வரிசை வாங்குல உக்காந்து அழுதேன்."

"அந்த வசனம்?"

"போதகர்கிட்ட அதத்தான் கேட்டேன். 'உன்னோட மனசு செத்துப் போயிருந்தா இந்த அழுகை எங்கிருந்தும்மா வருது? அவரு கூப்பிடாம நீ இங்க வந்திருப்பியா?'ன்னு கேட்டாரு."

சதீஸ் அப்போதுதான் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"உங்கள மன்னிக்க எனக்கு ரொம்ப நாளாச்சு" என்றாள் அவள். "இப்ப கோவமில்ல. ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்கு அண்ணியையும் கூட்டிக்கிட்டு எங்க சபைக்கு வாங்க."

போனார். நான்கு மாதம் திருவிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மாதம் கை நீட்டி அப்பத்தை வாங்கினார். பக்கத்தில் சந்திரிகா விம்மி அழுதாள்.

பிரசங்கம் செய்யக் கேட்டார்கள், மறுத்துவிட்டார். ஞாயிறு காலையில் மட்டும் ஹயருக்கு ஆள் ஏற்றாமல், சபைக்கு வராமல் போனவர்களின் வீடுகளுக்கு ஓட்டோவை விடுகிறார். போன வாரம் மூக்கையா என்பவர் தன் வீட்டு வாசலில் தயங்கி நின்று, "என்னையெல்லாம் சேப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஏறுங்க, நேரமாச்சு" என்றார் சதீஸ்.