வயரை உருவச் சொன்ன ஆபீசு

ஆபீசுகளில் டீ கொடுக்கிற நம்ம ஆளுகளுக்கு முதல் பாடமே, 'வயரை மிதிக்காதே, எதையும் தொடாதே' என்பதுதான். பருத்தி பொய்த்து, பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்கு வந்த நானும் அதைத்தான் படித்தேன். இந்த ஆபீசில்தான் பாடம் தலைகீழானது.

கூடுதல் வேலை

இங்கே செல்வியும் குமாரும் சேர்ந்து, பல கம்ப்யூட்டர்களை ஒரே கம்ப்யூட்டர்போல வேலை பார்க்க வைக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் செய்கிறார்கள். பஸ் டிக்கெட் விற்கிற ஒரு கம்பெனி அதை வாங்குவதாகச் சொல்லியிருந்தது. வாங்காவிட்டால் ஆபீசைப் பூட்ட வேண்டியதுதான்.

ஒருநாள் செல்வி, "அண்ணாச்சி, டீ கொண்டாரும்போது எங்ககிட்டச் சொல்லாம ஏதாவது ஒரு மிஷினோட பிளக்கை உருவிருங்க" என்றாள். ஒன்றை உருவினேன். அது அணைந்தது. மற்ற மிஷின்களின் திரையில், சோதனைக்கு ஓட்டின டிக்கெட் விற்பனை மட்டும் நிற்கவில்லை. செல்வி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "செத்தவனுக்கு அழாம, அவன் சோலியை மத்தவன் பங்குபோட்டு எடுத்துக்கிட்டான், பாத்தீயளா?"

ஆள் கூடினால்

தீபாவளிக் கூட்டத்தைத் தாங்குமா என்று பார்க்க மிஷின்களைக் கூட்டினார்கள். ஏர் கூடினால் உழவு சீக்கிரம் முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மழை பெய்த கரிசலில் மாட்டின வண்டியாட்டம் எல்லாம் ஊர்ந்தது. விற்கிற ஒவ்வொரு பஸ் சீட்டுக்கும் எல்லா மிஷினும், தலைமையாக வைத்த ஒரு மிஷினிடம் கேட்டுத்தான் நகருமாம். அதற்கோ ஒரே வாய். செல்வி மிஷினைத் திட்ட, குமார் சொன்னான்: "அதை ஏன் ஏசுத? எல்லாத்தையும் ஒருத்தங்கிட்டயே கேளுன்னு சொல்லிவச்சது நாமதான."

நடுவயர்

அப்புறம் ஒவ்வொரு பஸ்ஸையும் ஒவ்வொரு மிஷினே கவனிக்கும்படி மாற்றினார்கள். பஸ்ஸைப் பிரித்துக்கொடுப்பது மட்டும் தலைமைக்கு. ஓட்டம் பிடித்தது.

டிக்கெட் கம்பெனி முதலாளி நேரில் வந்தார். மிஷின்கள் உள் ரூமிலும் வெளி ரூமிலுமாக இருந்தன; இரண்டையும் இணைத்தது ஒரே வயர். "ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஓடுத வயரைக் கழட்டும், பாப்போம்" என்று என்னிடமே சொன்னார். செல்வி முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பக்கமும் உயிரோடு இருந்துகொண்டு, எதிர்ப்பக்கம் செத்துவிட்டது என்று நினைத்தால், ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிடும். கழற்றினேன்.

ஒரு மூச்சு நேரம் எல்லாம் நின்றது. பிறகு, மிஷின் அதிகமிருந்த வெளி ரூம் புதுத் தலைமையைத் தேர்ந்தெடுத்து விற்கத் தொடங்கியது. உள் ரூமிலிருந்த பழைய தலைமை, தன் பக்கம் பாதிகூட இல்லை என்று தெரிந்ததும் விற்பனையை நிறுத்திக்கொண்டது. வயரை மாட்டியதும், விட்டுப்போனதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புதுத் தலைமைக்குக் கீழே சாதாரண ஆளாக வேலைக்கு நின்றது. முதலாளி ஆறிப்போன டீயைக் கையில் வைத்தபடி சொன்னார்: "தனக்கு ஆள் கம்மின்னு தெரிஞ்சதும் வாயை மூடுன தலைவரை இன்னைக்குத்தான் பாக்குதேன், எடுத்துக்கிடுதேன், தாயி."

போன ஆபீசிலெல்லாம் எதையும் தொடாதே என்று ஏச்சு வாங்கின கைக்கு, கழற்றிப் போட்டதற்காகச் சம்பளம் கூடினது இங்கேதான்.