தாராபுரத்து டெலஸ்கோப்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். என் மகளுக்கு முழுப் பரீட்சை முடியப்போகிற சமயம். நான் அப்போது திருப்பூர் ராயபுரத்தில் ஒற்றை அறை ஒன்றில் தனியாகக் குடியிருந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பிழைப்புக்காக வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தவன்.

என் வேலைக்குப் பெயர் ஃபாலோ-அப். துணி நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து பிரிண்டிங்குக்குப் போகும். எங்கே தேங்குகிறதோ அங்கே என்னை அனுப்புவார்கள். "ஃபாரின் பையர் காத்திருக்க மாட்டான், நீங்க போய் உக்காருங்க" என்பார் எங்கள் முதலாளி. உட்காருவதுதான் வேலை. பாய்லர் ரிப்பேர், கரண்ட் இல்லை, மாஸ்டர் லீவு என்று அவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். நாம் சண்டை போடக் கூடாது, எழுந்தும் வரக் கூடாது. முக்கியமாக, அவர்கள் தரும் டீயைக் குடிக்கக் கூடாது. டீயைக் குடித்துவிட்டால் அப்புறம் கறாராகப் பேச வாய் வராது. இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர். பதினோரு வருஷம் அதை நான் மீறியதே இல்லை.

என் மனைவி தவறியபோது மகளுக்கு நாலு வயது. ஷிஃப்ட் வேலையை வைத்துக்கொண்டு பெண் பிள்ளையை எப்படி வளர்ப்பாய் என்று எல்லோரும் கேட்டார்கள். கோவில்பட்டியில் அவளுடைய பெரியம்மா வீட்டில் விட்டேன். ஞாயிறு சாயங்காலம் போனில் பேசுவாள், பெரிய லீவுக்கு வருவாள். அதற்கு முந்தைய வருஷம் வந்தவள் நாலாம் நாளே, "எப்பப்பா ஊருக்குப் போவோம்?" என்று கேட்டுவிட்டாள். அவள் வந்திருப்பது அவளுடைய வீட்டுக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்!

அந்த வருஷம் போனில், "நிலாவுல குழி குழியா இருக்குமாம்ப்பா. டெலஸ்கோப்ல பாத்தா தெரியுமாம்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் நான் போய் உட்காரும் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. இன்டர்நெட்டில் ஏலம் விடுகிறார்கள், பழைய சாமான்கூட வாங்கலாம் என்று அதை நடத்திய பையன்தான் சொன்னான். தேடிப் பார்த்தால் தாராபுரத்திலேயே ஒரு டெலஸ்கோப்! நேரில் வந்து பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது.

"ஏனுங்ணா, பையர் வர்றானான்னு இங்கிருந்தே பாக்கப் போறீங்களா?" என்று சிரித்தான் அவன்.

ஏலம் முடியும் கடைசிப் பத்து நிமிஷம் மவுஸைப் பிடித்தபடி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தேன். 'வாழ்த்துகள்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. என்னை ஒருவர் வாழ்த்தி வெகு நாளாகியிருந்தது. அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு, "வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கையில் வருவதற்கு முன்பே சொன்னது என் தப்பு. "அப்ப பத்து நாளு இருக்கேன்ப்பா" என்றாள்.

விற்பவரின் நம்பருக்கு அழைத்தால் ஒரு அம்மாள் எடுத்தார். நன்றாகத்தான் பேசினார். எந்த ஊர், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள், அங்கே மழை உண்டா என்று இருபது நிமிஷம் ஆயிற்று. அவர் வீடு எங்கே இருக்கிறது, முன்னால் என்ன மரம் நிற்கிறது, கேட்டுக்கு என்ன பெயிண்ட் என்பதுவரை சொன்னார். டெலஸ்கோப் என்றதும் மட்டும், "அடுத்த வாரம் கூப்புடுங்க தம்பி" என்றார். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் தடவை, "கோவிச்சுக்காதீங்க, குடுக்கறதா இல்லீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

பிரவுசிங் சென்டர் பையன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக் காட்டினான். "இங்க பாருங்ணா. இதே டெலஸ்கோப்ப உங்களுக்கு முந்தி மூணு பேரு ஜெயிச்சிருக்கறாங்க. ஒருத்தருக்கும் குடுக்கல. திட்டி எழுதி வெச்சிருக்கறாங்க. நீங்களும் ரெண்டு வரி எழுதி உடுங்க, தொலையுது."

எழுதி என்ன ஆகப்போகிறது? மகள் வர ஐந்து நாள்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு குண்டடம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். தாராபுரத்தில் இறங்கி, அவர் போனில் சொன்ன அடையாளங்களை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அறுபது வயது இருக்கும் அவருக்கு. திருப்பூர் என்று சொன்னதும் திகைத்துப் போனார்.

"அட, ஊட்டுக்கே வந்துட்டீங்களா! வாங்க, உள்ள வாங்க."

"டெலஸ்கோப்ப வாங்கிட்டுப் போலாம்னு வந்தேங்க்கா. நான் இருக்கேன். நீங்க மெதுவா எடுத்துட்டு வாங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயப்பட்டறையில் பேசும் அதே குரல்.

அவர் காப்பி கொண்டுவந்து முன்னால் வைத்தார். நான் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்து அவராகவே பேச ஆரம்பித்தார். கணவர் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியாராம். இறந்து ஒன்றரை வருஷமாம். மகன் அமெரிக்காவில்.

"அந்தச் சாமான் எடத்த அடச்சுட்டுக் கெடக்குது, வித்துப்போடலாம்மான்னு என்ர பையன் அங்கிருந்துட்டே நெட்டுல போட்டுட்டானுங்க. நான் குடுக்கலீன்னா மறுக்காவும் போடறானுங்க. போட்டதுல இருந்து போனு வருதுங்க தம்பி. மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரு, சேலத்துல இருந்து ஒரு காலேஜுப் பையன். அதுக்கு முந்தி இந்தப் போனு ஞாயித்துக்கெழமை ஒருக்கா அடிச்சா உண்டு. கூப்புடறவங்க எல்லாரும் டெலஸ்கோப் இருக்குதுங்களான்னுதான் ஆரம்பிப்பாங்க. அப்பறம் அப்படியே கொஞ்ச நேரம் பேசுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "குடுத்துப்போட்டா அப்பறம் என்னைய ஆருங்க கூப்புடப் போறாங்க?"

இதைக் கேட்ட எந்த மனுஷனும் அந்த இடத்திலேயே எழுந்திருப்பான். எனக்கு அது பாய்லர் ரிப்பேர் என்று சொல்வது மாதிரித்தான் கேட்டது. சரக்கைத் தராமலிருக்க இன்னொரு காரணம். பதினோரு வருஷமாகக் காரணங்களையே கேட்டுக் கேட்டு என் காது அப்படி ஆகியிருந்தது.

"எம் மக வாராக்கா. அம்மா இல்லாத பிள்ள. வாங்கிட்டேன்னு சொல்லிட்டேன். இது இருந்தா பத்து நாளு எங்கூட இருப்பேன்னிருக்கா. எனக்கு வேற வழி இல்ல" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "புள்ளைக்குங்களா? மூணு தடவ பேசுனீங்களே தம்பி, ஒருக்காக்கூடச் சொல்லலியே?"

உண்மைதான். மூன்று தடவையும் அவர்தான் பேசினார். நான் டெலஸ்கோப்பைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

உள்ளே போய் நீளமான ஒரு பெட்டியை இரண்டு கையாலும் அணைத்து எடுத்துவந்தார். முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டு, "பஸ்ஸுல கீழ வெச்சறாதீங்க, ஆட்டத்துல கண்ணாடி போயிரும். மடியிலயே வெச்சுக்கங்க" என்றார். பணத்தை வாங்கி எண்ணாமல் அலமாரியில் வைத்தார். "காப்பி ஆறுதுங்க" என்று அவர் சொல்லும்போதே நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பட்டறையில் தேங்கிய சரக்கை வெற்றிகரமாக எடுத்துக்கொண்டு வருகிற சந்தோஷம் எனக்கு. தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன், இன்னும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மகள் வந்தாள். சாயங்காலமானால் மொட்டை மாடியில் நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழி தெரியுதுப்பா!" என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஆறாம் நாளுக்கு மேல் நிலா வரவே நேரமாகிவிட்டது. அவள் கீழே டி.வி. இருக்கும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருநாள் பெட்டியை மூடும்போது, "இது முன்னாடி யாருதுப்பா?" என்றாள். "தாராபுரத்துல ஒரு அம்மாவோடது." "அவங்க இதுல பாத்திருக்காங்களா?" "தெரியலம்மா" என்றேன். கேட்கவில்லையே.

சொன்ன சொல் தவறாமல் பத்து நாள் இருந்தாள். பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஏறும்போது அவள் அழவில்லை. நல்லதுதான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல அவள் போன் வரும் நேரம். வராது என்று தெரியும், அவள் இன்னும் பஸ்ஸில்தான் இருப்பாள். இருந்தாலும் செல்போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறைகளில் எல்லாம் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் தென்பாண்டித் தமிழில், ஒருத்தர் இந்தியில். என் போன் மட்டும் கல்லு மாதிரி கிடந்தது. அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னது என் மண்டையில் ஏறியது. அது காரணம் இல்லை, உண்மை. அவர் பின்வாங்கியது டெலஸ்கோப்பைக் காப்பாற்ற இல்லை, அந்த மணிச்சத்தத்தைக் காப்பாற்ற. நான் போய் உட்கார்ந்து அதைத்தான் வாங்கி வந்திருக்கிறேன். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல்.

நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"டெலஸ்கோப்புங்களா? அது குடுத்தாச்சுங்களே" என்றார், மூச்சு விடாமல்.

"இல்லக்கா. நான்தான், திருப்பூரு. சும்மாதான் கூப்பிட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"சும்மாவுங்களா?" என்றார் மெதுவாக. பிறகு, "இருங்க தம்பி, வெச்சறாதீங்க. அடுப்ப அமத்திப்போட்டு ஓடியாந்தர்றேன்."

பேசி முடித்த ஒன்றிலிருந்து யாராவது பின்வாங்கினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டால் அவர்கள் வீட்டில் எது நின்றுபோகும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்த பிறகுதான் கோபப்படுகிறேன்.