போடாமல் விட்ட சிவப்புக் கோடு

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்டு, வெளிர்பச்சைப் பட்டைகள் ஓடும் பழைய கணினித் தாள். மடிப்புகளில் கிழிந்து பழுத்துவிட்டது. அதன் நடுவே ஒரு வரிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கும். பென்சிலை ஊன்றிய இடம் அது. ஊன்றிய பென்சில் ஓர் அங்குலம் நகர்ந்திருந்தால் புள்ளி கோடாகியிருக்கும். நகரவில்லை என்று சொன்னால் பழியைப் பென்சில் மேல் போடுவதாகும், நான்தான் நகர்த்தவில்லை. கடைசிப் பக்கத்தில் "படித்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கொஞ்சம்கூட நடுக்கமில்லாத கையெழுத்து, அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மிஷின்களுக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி செய்து விற்றோம். அந்தப் பெட்டியின் அடிப்படை நிரலான கெர்னலையும் நாங்களேதான் எழுதினோம். கரண்ட் போட்டதும் முதலில் கண் விழிப்பது அதுதான். விழித்ததும் பிளாப்பி வட்டில் உள்ள இமேஜ் கோப்பை, அதாவது அன்றைய வேலைக்கான நிரல் முழுவதையும் ஒரே மூட்டையாக எடுத்து நினைவகத்தில் ஏற்றி, "இனிமேல் நீ பார்த்துக்கொள்" என்று மிஷினை அதன் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஏற்றுகிற பகுதியை எழுதியவர் என் மச்சான், என் அக்காவின் கணவர். அதை வரி வரியாகப் படித்துப் பிழை பார்க்க வேண்டியவன் நான். என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் மச்சான்தான்.

அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும். நிரல் ஓடவில்லை என்றால் விசைப்பலகையைச் சுவரில் அடிப்பார், தொலைபேசியைத் தூக்கி எறிவார். ஒருமுறை சாயா கிளாஸைக் கையாலேயே நசுக்கிவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட உட்கார்ந்து வேலையை முடித்தார். நாங்கள் சிரித்தோம். கெட்டிக்காரனுக்குக் கோபம் வரத்தானே செய்யும் என்று பேசிக்கொண்டோம். அந்தக் கோபம் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போகிறது என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், அது போன வீடு என் அக்கா வீடு.

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். நான் பிழைக்கு ஒன்றாகச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்த தாள்களை வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் பிளாஸ்க் வைத்திருக்கும் மேசைக்கு மேலே கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொருவரும் யார் நிரலில் எத்தனை கோடு என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வெட்கம் வந்தால் வேலை சுத்தமாகும் என்பது அவர் கட்சி. எனக்கோ சின்ன வயது, அக்கா புருஷன் என்ற மரியாதையை மேசைக்கு வெளியே வைத்துவிட்டேன் என்று ஒரு திமிர். மச்சானுடைய தாளில் தயவுதாட்சண்யம் இல்லாமல் கோடு போடுவேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி வாக்கில் ஆயர் ஈத்தாம் பிளாட்டிலிருந்து அக்கா போன் பண்ணுவாள்.

"இன்னிக்கு எத்தனைடா?"

"ஒம்போதுக்கா! உங்க வீட்டுக்காரர் இந்த வாரம் நல்லா மாட்டிக்கிட்டாரு லா."

எண்ணை ஒருமுறை தனக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வாள். பிறகு, "சரி தம்பி, வச்சிர்றேன்" என்பாள். கணவன் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். மடையன் என்றால் என்னைப் போல ஒரு மடையன் பினாங்கு முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

ஒரு சனிக்கிழமை காலை, இரவல் வாங்கிய துளையிடும் மிஷினைத் திருப்பிக் கொடுக்க, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் பசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கை தூக்கும்போது சட்டைக் கை சரிந்தது. தோளிலிருந்து முழங்கை வரை, விரல் அகலத்தில் கன்றிப்போன வரிகள். எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன். தொழில் புத்தி, கண் தானாக எண்ணிவிட்டது. ஆறு. முந்தின நாள் நான் போட்டதும் ஆறு.

அக்கா மறைக்கவில்லை. கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அரிசி விலை சொல்கிற குரலில் சொன்னாள்: "பெல்ட்டுதான். கோட்டுக்கு ஒண்ணு. முன்னாடியே தெரிஞ்சா மனசத் தயார் பண்ணிக்கலாம்ல, அதுக்குத்தான் போன் பண்றது. நீ போய் அவருகிட்ட ஒண்ணும் கேட்டுறாத. தம்பிக்காரன் கேட்டுட்டான்னா என்னைக் கொன்னே போட்ருவாரு."

நான் கேட்கவில்லை. அவள் தடுத்ததால் கேட்கவில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அவர் கையைப் பார்த்துப் பயந்தேன், வேலை போய்விடும் என்றும் பயந்தேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அவர் வந்ததும் முகத்தில் ஊற்ற வேண்டும் என்று நினைத்தபடியே, அவர் வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு எனக்கு ஒரு சாமர்த்தியம் தோன்றியது. கோட்டைக் குறைத்தால் அடி குறையும். அடுத்த வாரம் மூன்று, அதற்கடுத்த வாரம் ஒன்று, பிறகு ஒன்றுமே இல்லை. பிழைகளைக் கண்டுபிடிக்காமலில்லை, மச்சான் சாப்பிடப் போகும் நேரத்தில் நானே திருட்டுத்தனமாகத் திருத்தி வைத்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஆனால் இமேஜ் ஏற்றும் பகுதி இருந்த பிளாப்பியை மட்டும் அவர் சட்டைப் பையை விட்டு இறக்க மாட்டார். அதில் நான் கை வைக்க வழியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பகுதிதான் என் முன்னால் இருந்தது. இமேஜ் கோப்பின் தலைப்பில் அதன் நீளம் எழுதியிருக்கும். மச்சானின் நிரல் அதைப் படித்து, அத்தனையும் ஏற்றச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, உத்தரவு நிறைவேறியதா என்று திரும்பிப் பார்க்காமலே மிஷினை ஒப்படைத்துவிடும். பிளாப்பி பாதியில் படிக்க முடியாமல் போனால்? முன்பாதி புது நிரல், பின்பாதியில் முந்தின வேலையின் பழைய நிரல் அப்படியே கிடக்கும், ஏனென்றால் எங்கள் பெட்டியின் நினைவகம் கரண்ட் போனாலும் மறக்காது. புதுத் தலையும் பழைய உடம்புமாக ஒன்று எழுந்து பிரஸ் மிஷினை ஓட்டும். இவ்வளவும் எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. பென்சிலை ஊன்றினேன். அக்காவின் தோள் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிளாப்பி எப்போதோ ஒருமுறைதானே கெடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பென்சிலை எடுத்துவிட்டேன்.

"இன்னிக்கு எத்தனைடா?"

"ஒண்ணுமில்லக்கா. சுத்தம்."

அக்கா போனில் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட சிரிப்பு. அதற்காக எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து ஜுருவில், கார் பாகங்கள் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில், தூசி படிந்த ஒரு பிளாப்பி பாதியில் நின்றது. புது நிரலில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே மாட்டாது. அந்தக் காவல் இருந்தது பின்பாதியில். அது ஏறவேயில்லை. அங்கே கிடந்த பழைய நிரலுக்கோ, காலால் அழுத்தும் மிதியில் லேசாகப் பட்டாலே போதும், பிரஸ் இறங்கிவிடும். தாசேக் கெலுகோரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு தமிழ்ப் பெண் தகட்டைச் சரி செய்ய வலது கையை உள்ளே விட்டிருக்கிறாள். கால் மிதியில் பட்டிருக்கிறது. எண்பது டன் இறங்கியது.

காரணம் கண்டுபிடிக்க மச்சானும் நானும் போனபோது மிஷினை இன்னும் கழுவவில்லை. அச்சுக்குள் கையுறை தகட்டோடு தகடாக ஒட்டியிருந்தது. கையுறை மட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, "மிதியில எதுக்குக் கால வச்சா? ஆபரேட்டர் தப்பு" என்றார். பிறகு என் காதருகில், "எதுக்கும் இருக்கட்டும், சைன் போட்டது நீதான் ஆ" என்றார். நான் அவர் வாயில் குத்தினேன். விழுந்தவரை எழ விடாமல் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கை வலிக்கும்வரை குத்தினேன். பல் தெறித்து மிஷினுக்கடியில் போனது. மூன்று பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். அவரை அடித்தது நன்றாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நிமிர்ந்தபோது கையுறை அங்கேயேதான் இருந்தது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கைத்தோல் உரிந்திருந்ததைப் பார்த்து மஞ்சள் எடுக்கப் போனவள் பாதியில் நின்றாள்.

"அந்தப் பிழைய நீ பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன்கா. உனக்காகத்தான்..."

ஓங்கி ஓர் அறை விட்டாள். காது அடைத்துப்போயிற்று. பிறந்ததிலிருந்து அவள் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

"எனக்காகன்னு சொன்ன, நாக்க அறுத்துருவேன். நான் எத்தனைன்னுதான கேட்டேன்? கொறைக்கச் சொன்னேனா? எம்மேல அவ்ளோ பாசம்னா என் கையைப் பிடிச்சு இந்த வீட்ட விட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கணும். அது உனக்குக் கஷ்டமா இருந்துச்சு, பென்சில கீழ வைக்கிறது சுலபமா இருந்துச்சு. அந்தாளு அடிச்சது எம்மேல விழுந்துச்சு. நீ எனக்குன்னு தடுத்தது அந்தப் பொண்ணு மேல போய் விழுந்துருச்சே, பாவி."

பிறகு உள்ளே போய் ஒரு பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு வந்தாள். "வா, அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லு" என்றாள். அந்தக் கதவை அவள் அதன்பிறகு திறக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு வரை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். கெர்னல், இமேஜ் எல்லாம் அவளுக்கு எதற்கு? மிஷினில் ஒரு பிழை இருந்தது, எனக்குத் தெரிந்தது, சொல்லாமல் விட்டேன். அவ்வளவுதான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே தெரியுமா அண்ணே?"

"தெரியும்மா."

"தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறதா வேண்டியிருந்தேன். ஒத்தக் கையில எப்படிண்ணே பிடிக்கிறது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு இன்றுவரை என்னிடம் பேசியதில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தத் தாளை நகல் எடுத்துக்கொண்டார். நகலில் புள்ளி விழவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அசலைக் கேட்டு வாங்கி, புள்ளியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். வேலை போயிற்று, போகட்டும். மச்சான் கோலாலம்பூரில் இதைவிடப் பெரிய வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது ஒரு நாற்காலியை உடைத்தேன். பிறகு நானே ஒட்டினேன்.

அடுத்த தைப்பூசத்தன்று அந்தப் பெண் பால்குடம் எடுத்தாள். இடது கை அவளுடையது. வலது பக்கம் குடத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே மலையேறியவள் என் அக்கா. அவர்களுக்குள் எப்படிப் பழக்கமாயிற்று என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருஷா வருஷம் இருவரும் ஏறுகிறார்கள். நான் கீழே கூட்டத்தோடு நின்று பார்ப்பேன். அக்கா என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து மீன்குழம்பு வைத்துத் தருகிறாள். எத்தனை என்று மட்டும் எதற்குமே கேட்பதில்லை. மீன் எத்தனை துண்டு என்றுகூடக் கேட்க மாட்டாள்.

சில நாள் தாளை எடுத்து விரித்து வைப்பேன். பக்கத்தில் சிவப்புப் பென்சிலும் இருக்கும். புள்ளியிலிருந்து ஓர் அங்குலம் இழுத்தால் கோடு முழுமையாகிவிடும். இப்போது இழுத்தால் யாருக்கும் அடி விழாது, என் வேலை போகாது, யார் முகத்துக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை. அதனால்தான் இழுக்காமல் மடித்து வைத்துவிடுகிறேன்.