மலைக்குள் விழுந்த ஆடு

வாலிகண்டபுரத்திலிருந்து ரஞ்சன்குடிக் கோட்டைக்கு நடந்து போகிறேன். மேற்கே பச்சைமலை புழுதியில் மங்கிக் கிடக்கிறது. "சின்ன மலைய வலப்பக்கம் வச்சுக்கிட்டே போங்க சார்" என்று டீக்கடைக்காரர் வழி சொன்னார். கால் வலிக்க நடந்தும் வலப்பக்கம் மலையைக் காணோம். கல்குவாரிக்காரன் வெட்டித் தின்ற பள்ளம்தான் இருக்கிறது. அடியில் பச்சைத் தண்ணீர். ஒரு வேலிகூடப் போடவில்லை, பாவி.

விளிம்பில் ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார்.

"சின்ன மலை எங்கம்மா இருக்கு?"

"இதாங்க. தள்ளி நில்லுங்க. இதோட தாய் காலையில மலைக்குள்ள வுழுந்து செத்துப்போச்சு."

"மலைக்குள்ளயா? இது பள்ளம்மா!"

"பேர மாத்திட்டா ஆடு வந்துருமா சார்?"

"வேலி போடச் சொல்லிக் கேக்கலையா?"

"கேட்டோம். ஆட்டக் கட்டிப் போடுங்கறான்."

எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது. கீழே தண்ணீரில் வெள்ளையாக மிதப்பதைப் பார்த்துக் குட்டி கத்துகிறது. மறுபடி விளிம்புக்கு ஓடப் பார்க்கிறது. நானும் கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன்.