மூன்றாவதாக நின்றவர்

அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்லூரியில் நான் மனோதத்துவ உதவி விரிவுரையாளர். துறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பேராசிரியர், நான், ஒரு மர அலமாரி, அவ்வளவுதான். அலமாரிச் சாவி பேராசிரியரின் கோட்டுப் பையில் இருக்கும். அந்தக் கோட்டை அவர் வெயில் காலத்திலும் கழற்றியதில்லை.

கண்ணால் பார்த்ததை மனிதர்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள் என்று அறிய, ஒரு டிசம்பரில் ஒரு பரிசோதனை செய்தோம். வகுப்பு நடக்கும்போது முன்பின் தெரியாத ஓர் ஆள் உள்ளே நுழைந்து, மேஜைமேல் இருந்த கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் வேறொரு கல்லூரியின் தேகப்பயிற்சி ஆசிரியர். இது நாடகம் என்று பேராசிரியர் உடனே சொல்லிவிட்டார். மாணவர்கள் ஓடிய ஆளை வர்ணித்துச் சீட்டில் எழுதினார்கள். அடுத்த வாரம் ஐந்தாறு பேரை வரிசையாக நிறுத்தி, இவர்களில் அவர் யார் என்று எழுதச் சொல்லி, அந்தச் சீட்டுகளை அலமாரியில் பூட்டினோம். அந்த வரிசையில் அவர் இல்லவே இல்லை. இல்லாத ஆளை எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பேராசிரியரின் திட்டம்.

வரிசைக்கு ஆள் பிடிப்பது என் தலையில் விழுந்தது. ஓடியவர் ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். டிசம்பர் மாத பெங்களூரில் அப்படி இல்லாத ஆண்பிள்ளையைத்தான் தேட வேண்டும். வளாகத்தில் அகப்பட்டவர்களை எல்லாம் கூட்டி வந்தேன். மூன்றாவதாக நின்றவர் பக்கத்து மர்பி டவுனில் குடியிருந்த தச்சர். விடுமுறைகளில் வந்து எங்கள் பெஞ்சுகளைச் செய்தும் பழுதுபார்த்தும் தருகிறவர், அன்று அளவெடுக்க வந்திருந்தார். முடிந்ததும் எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பினேன். வரிசையில் அந்த ஆள் இல்லை என்பதை மாணவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருஷ வகுப்புக்குத் தெரிந்துவிடுமே. நின்றவர்கள் யார் என்றும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தச்சரை அறிமுகம் செய்து வைக்கிற வழக்கம் எந்தக் கல்லூரியில் இருந்தது?

பொங்கல் முடிந்து தச்சரின் மனைவி துறை வாசலில் வந்து நின்றார். அவர் சொன்னது இதுதான். அல்சூர் பஜாரில் ஒரு பெண் தச்சரைக் கைகாட்டி, சில நாள் முன்பு அந்தி நேரத்தில் தன் சங்கிலியை அறுத்தவர் இவர்தான் என்று போலீஸ்காரரிடம் சொல்லியிருக்கிறாள். தச்சர் இப்போது காவலில் இருந்தார். இனி மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு. அங்கேயும் அவள் அவரைக் காட்டிவிட்டால் ஜெயில்தான். அந்தப் பெண் எங்கள் மாணவி என்று தெரிந்து, கணவர் நல்லவர் என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் எனக் கேட்க வந்திருந்தார்.

“அவரு அடிச்ச பெஞ்சு மேலதாம்மா அந்தப் பொண்ணு குந்தினு படிக்குது. அந்தக் கையப் போயி திருட்டுக் கைன்றாங்க” என்றார்.

பெண்ணின் பெயரைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது. முதல் வரிசை மாணவி, பொய் சொல்லத் தெரியாத பெண். சீட்டுகளை வகைப்படுத்தியவள் நான் என்பதால் அவளுடையது நன்றாக நினைவிருந்தது. ‘மூன்றாவதாக நிற்பவர்தான். சந்தேகமே இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

பேராசிரியரிடம் ஓடினேன். அவர் மறுத்துவிட்டார். எழுதியதை யாருக்கும் காட்டமாட்டோம் என்று மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம், இன்று மீறினால் நாளை யார் உண்மையை எழுதுவார்கள் என்றார். போதாததற்கு, சாட்சியைக் கலைத்தோம் என்ற பேரும் வரும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என் எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது. ஒரு மனிதன் உள்ளே கிடக்கிறான், இவருக்கு அலமாரி பெரிதாகப் போய்விட்டதா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கதவு வரை போன நான் திரும்பி வந்தேன்.

“எழுதினவளுக்குக்கூடக் காட்டக் கூடாதா சார்?”

அவர் கோட்டுப் பையில் கைவிட்டுச் சாவியை நீட்டினார். அவள் சீட்டை மட்டும் காட்டு, வரிசையைப் பற்றிய உண்மையைச் சொல், அதற்குமேல் ஒரு யோசனையும் சொல்லாதே என்றார்.

அப்படியே செய்தேன். ஓடியவர் அந்த வரிசையிலேயே இல்லை என்றும், மூன்றாவதாக நின்றவர் எங்கள் தச்சர் என்றும் சொன்னேன். அவள் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும் மேடம். அதனாலதான் பஜார்ல பாத்ததும் சங்கிலி அறுத்தது அவரேதான்னு நெனச்சேன்” என்றவள் அழுதுவிட்டாள். சங்கிலியைப் பறிகொடுத்த பயம் இன்னும் அவளிடம் இருந்தது, பாவம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சீட்டைத் தானே எடுத்துப்போகலாமா என்று கேட்டாள். அப்பாவுடன் மாஜிஸ்திரேட்டிடம் போய், தான் பார்த்த முகம் எங்கே பார்த்த முகம் என்று சொல்லப்போவதாகச் சொன்னாள்.

நான் எதிர்பாராதது அதற்குப் பிறகுதான் நடந்தது. பேராசிரியர் வகுப்பில் எழுந்து நின்று, வரிசையின் ரகசியத்தை உடைத்து, பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்து எல்லோருடைய சீட்டுகளையும் வெளியே கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். நகல்களை அவரே மாஜிஸ்திரேட்டிடம் எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் இல்லாத ஆளை வகுப்பில் பாதிக்குமேல் கண்டுபிடித்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் படித்துவிட்டு, இதில் ஒரு பிரதி தனக்கென்று வேண்டும் என்றாராம். தச்சர் வீடு திரும்பினார். அலமாரி அதன்பின் பூட்டப்படவில்லை. மைசூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேட்டவர்களுக்கெல்லாம், மாணவர்களின் சம்மதத்தோடு, நானே தட்டச்சு செய்து அனுப்பினேன்.

ரகசியம் உடைந்துவிட்டதால் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றினோம். அடுத்த டிசம்பரில் மறுபடி வரிசைக்கு ஆள் தேவைப்பட்டது. தச்சரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்று வராந்தாவில் மரம் இழைத்துக்கொண்டிருந்த அவரே கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

“நிக்கிறேம்மா, அதுக்கு இன்னா? ஆனா முடிஞ்சதும் நான் யாருன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிடுங்க.”

முடிந்ததும் சொன்னேன். அவர் பேரைச் சொன்னேன், நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைச் செய்தவர் என்றும் சொன்னேன். பின் வரிசையில் யாரோ எழுந்து வணக்கம் சொன்னார்கள். மற்றவர்களும் எழுந்தார்கள்.