கம்ப்யூட்டருக்குள் பதவி வரிசை

பச்சை எழுத்து மினுங்கிய அந்தச் சின்னத் திரை இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் கடைசி. கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸ். கண்டியில் கம்ப்யூட்டர் படித்த திமிரோடு மூன்று மாதத் தவணையில் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இயந்திரத்தைப் போட்டதும் அது முதலில் படிக்கிற பைல் ஒன்று உண்டு. எந்தெந்தப் புரோகிராமை ஏற்ற வேண்டும் என்று மேலிருந்து கீழாக, வரிக்கு ஒன்றாக அதில் எழுதியிருக்கும். நான் எழுதியது மூன்றே வரி. அதைக் கெடுத்தவர் எங்கள் பெரிய கிளாக்கர்.

தனக்கு ஒரு நாட்காட்டி வேண்டும் என்றார், போட்டேன். சுவரில் தொங்கியதைத்தான் கடைசிவரை பார்த்தார் என்பது வேறு விஷயம். உடனே பாக்டரியைப் பார்க்கும் டீமேக்கருக்குக் கடிகாரம், சின்ன கிளாக்கருக்குக் கால்குலேட்டர், ஸ்டோர்காரருக்கு ஒரு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் அவரவர் பெயர். அதிலும் வருகைக் கையெழுத்துப் புத்தகத்தில் உள்ளதுபோலப் பதவி வரிசை!

"நேத்து வந்தவன் வரி மேல, என் வரி கீழயா தம்பி?" என்றார் பெரிய கிளாக்கர்.

என் வரிகள் அடிக்குப் போயின. மேலே உள்ளவர்கள் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சின்ன மெமரி நிரம்பிவிடும். கொழும்புக்குப் போகும் தேயிலைப் பட்டியலை அடிக்கிற என் புரோகிராமுக்கு இடமே இருக்காது. ஒருநாள் காலை, வாசலில் லொறி நிற்க, தோட்ட மேனேஜர், எங்கள் தொரை, உள்ளே வந்தார்.

"பன்னெண்டு மணிக்குள்ள லிஸ்ட் வரலன்னா, நீயும் ஒன் மெசினும் பஸ் ஏறிடுங்க."

"எல்லாத்தையும் எடுத்துடுறேன் ஐயா, மூணு வரி போதும்" என்று பெரிய கிளாக்கரிடம் கெஞ்சினேன்.

"என் பேர எடுத்துப்புட்டு நீ இங்க இருந்துருவியா?"

"தம்பிக்குத் தொரைன்னு நெனப்பு!" என்றார் ஸ்டோர்காரர்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரிக்கு முன்னால் மூன்று எழுத்தைச் சேர்த்தால் இயந்திரம் அதைத் திரையில் காட்டும். ஆனால் செய்யாமல் தாண்டிப்போகும். நான்கு பெரியவர்களுக்கும் அதைச் சேர்த்தேன். இயந்திரத்தை மறுபடி போட்டதும் பெயர்கள் திரையில் வரிசையாக ஓடின. பிரிண்டர் கரகரவென்று அடித்தது. லொறி போனது.

"பாத்தீங்களா தொரை, நம்ம பேரு மேல இருக்கங்காட்டிதான் ஓடுது. இந்தப் பய அழிக்கப் பாத்தான்!" என்றார் பெரிய கிளாக்கர்.

உண்மையைச் சொல்ல வாய் துடித்தது. தவணை முடிய ஒரு வாரம் இருந்ததால் மூடிக்கொண்டேன். இப்போது என் பொறுப்பில் உள்ள எந்த இயந்திரத்திலும் தேவையில்லாத ஒரு வரியை யாரையும் எழுத விடுவதில்லை. அன்றைக்கு விட்டேன். மறுநாள் பெரிய கிளாக்கர் வந்து கிசுகிசுத்தார்:

"தொரை பேரு எல்லாத்துக்கும் மேல இல்லாட்டி மரியாதையா இருக்காது தம்பி."

முன்னால் அதே மூன்று எழுத்தோடு போட்டேன். அடுத்த வாரம் வேலை நிரந்தரமானது.