எட்டு வயதுக்கு எட்டாத மைக்

மைக் செட் வாடகைக்கு விடுகிற அந்த மனிதருக்குப் புயல் என்று பெயர். நேரில் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆள் ஒல்லி, அவர் ஒரு வார்த்தை பேசி அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நாம் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் பெரிசாக்கி அனுப்புகிற தொழில், சொந்தமாகப் பேச என்ன மிச்சமிருக்கும் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். ஒயரை இழுப்பார், ஸ்பீக்கரைக் கட்டுவார், மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். "ஹலோ" என்றுகூடச் சொல்லிப் பார்க்க மாட்டார்.

பட்டப்பெயர் வந்த கதை வேறு. எட்டு வயதில் அவர் 'பிஞ்சுப் புயல்'. அப்பா எழுதிக் கொடுப்பதை மனப்பாடம் செய்து, நாற்காலிமேல் ஏறி நின்று மூச்சுவிடாமல் பொழிவார். ஒரு கூட்டத்தில் மருந்துக்கடைக்காரரைப் போலி மருந்து விற்கிறவர் என்று வெளுத்து வாங்கினார். அப்பா ஒரு கட்சி, கடைக்காரர் எதிர்க்கட்சி, விஷயம் அவ்வளவுதான். அந்த வரிக்குத்தான் கைதட்டல் காதைப் பிளந்தது. மறுநாள் இருமல் மருந்து வாங்கப் போனபோது கடைக்காரர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "என் கடையில நீ எதைப் பாத்தே தம்பி?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பையன் முழித்தான். எழுதிக் கொடுத்ததில் அதற்குப் பதில் இல்லையே. ஆறு மாதத்தில் கடை மூடியது, அந்தக் குடும்பமும் ஊரைவிட்டே போனது. அப்பா அடித்துப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். பையன் அப்புறம் எந்த மேடையிலும் ஏறவில்லை.

பெரியவனாகி மைக் செட் வைத்ததும் அவர் செய்த முதல் காரியம், தன்னிடமிருந்த நான்கு ஸ்டாண்டுகளையும் பெரியவர்கள் உயரத்தில் நிறுத்தி வெல்டிங் வைத்துவிட்டது. எந்தக் கட்சிக்காரராவது ஒரு பொடிசைக் கொண்டுவந்து நிறுத்தினால், திருகு இறுகிவிட்டது, கீழே இறங்காது என்பார். கையில் பிடிக்கிற மைக் கேட்டால் அது ரிப்பேர். எத்தனை வருஷமாய் ரிப்பேர் என்று யாரும் கேட்கவில்லை. இப்படியே பதினைந்து வருஷம் எல்லோருக்கும் தண்ணி காட்டினார். மாட்டிக்கொண்டது சொந்த மச்சானிடம்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், கட்சியின் நகரச் செயலாளர். நகராட்சித் தேர்தல் வந்தது. எதிரணி வேட்பாளர் இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருக்கிற பெண்மணி. மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கப் பேச்சோடு வீட்டுக்கு வந்தார். புயலின் மகளுக்கு எட்டு வயது, படு சூட்டிகை. ஒரே வாரத்தில் ஒப்பித்துவிட்டாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, மகளுக்குப் புதுக் கவுன் தைக்கக் கொடுத்தாள். யாரிடம்? அதே தையற்காரம்மாவிடம்! கூத்தைக் கேட்டீர்களா.

பழைய ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் புயல் அந்த வரியைக் கவனித்தார். "பள்ளிக்கூடத்துக்கு வந்த எங்கள் பால்பொடியை விற்றுத் தின்றவரே!" என்று மகள் விரலை நீட்டி முழங்கினாள். அந்தம்மாவின் மகன் வகுப்பில் இவள் பக்கத்தில் உட்காருகிறவன்.

அன்று சாயங்காலமே மச்சானைப் பிடித்து, இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். மச்சான் சிரித்தார்.

"நான் சொன்னா கோர்ட்டுக்கு இழுப்பா மாப்ள. பச்சப்புள்ள சொன்னா யாரு கேஸ் போடுவா?"

புயலுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. "என் பொண்ணு பேச மாட்டா மச்சான்" என்றார். மச்சான் தோளில் தட்டி, உங்களுக்குத்தான் மேடைப் பயம், பிள்ளைக்கு எதற்கு அது என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவியும் அண்ணன் பக்கமே நின்றாள்; பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்தால் உங்களுக்குப் பொறுக்காதே என்று மூக்கைச் சிந்தினாள். மைக் தராமல் விட்டால் வேறு செட் கொண்டுவருவார்கள். நடுவில் சத்தத்தை நிறுத்தலாம். ஆனால் ஊர் பார்க்க மகள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்று கூனிக் குறுகுவாள். அந்தப் பாவத்தை அவர் செய்ய மாட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, என்ன ஆனாலும் சரி, வாயைத் திறந்தே தீருவது என்று முடிவு கட்டினார்.

கூட்டத்தன்று மச்சான் பள்ளிக்கூடத்திலிருந்தே பிள்ளையை அழைத்து வந்துவிட்டார். திருகுக் கதை பலிக்காமலிருக்க ஸ்டூலும் தயார், கெட்டிக்காரர்தான். "அடுத்து நம் குட்டிச் சிங்கம்!" என்று அறிவித்து அவளைத் தூக்கி நிறுத்தினார்.

புயல் எழுந்து மேடை ஏறினார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மைக்கிடம் வாயைக் கொண்டுபோனார்.

"நான் இவ அப்பா. இவளுக்கு எட்டு வயசு. இந்தப் பேச்சை எழுதினது இவ மாமா. இதே வயசுல நானும் எங்கப்பா எழுதிக் கொடுத்ததைப் பேசி, ஒருத்தர் கடையை மூட வச்சவன். எழுதினவரே படிக்கட்டும்."

மறந்தால் பார்க்கக் கொடுத்திருந்த காகிதத்தை மகள் கையிலிருந்து வாங்கி மச்சானிடம் நீட்டினார், பிள்ளையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மச்சானுக்கு வேறு வழியில்லை. "சின்னஞ்சிறு பிஞ்சு நான் கேட்கிறேன்" என்று அந்த மீசைக்காரர் ஆரம்பித்ததும் முன்வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அப்புறம் பால்பொடி வரி வந்தது. மச்சான் நின்றார். அவர் மூச்சு விடுகிற சத்தம் எட்டு ஸ்பீக்கரிலும் தெரு முழுக்கக் கேட்டது. நேரமின்மை காரணமாக உரையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

மேடைக்குப் பின்னால் மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"நான் நல்லாப் பேசியிருப்பேன்ப்பா. ஒரு வார்த்தைகூட மறந்திருக்க மாட்டேன்."

"தெரியும்டா. அதான் பயமா இருந்துச்சு."

சமாதானம் ஆகவில்லை. மூன்று நாள் அப்பாவோடு பேச்சே கிடையாது. அம்மாவும் சோற்றுத் தட்டை டொக்கென்றுதான் வைத்தாள். அவர் அசையவில்லை. வீடே சேர்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் இந்த முறை பின்வாங்குவதாக இல்லை. நான்காம் நாள் காலை, ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் மகளே வந்து நின்றாள். அந்தத் தையல் ஆன்ட்டி நிஜமாகவே பால்பொடியைத் திருடினார்களா என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "உங்க மாமாவுக்கும் தெரியாது."